பராமரிப்பு தேவையற்றது என்னும் சொல்

இன்று விற்பனையாகும் கார் பேட்டரிகள் பலவற்றின் தலையில் ஒரு வண்ணத்தாள் ஒட்டப்பட்டிருக்கும். அதில் 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்ற இரு சொற்கள் கொட்டை எழுத்தில் இருக்கும். தமிழில் சொன்னால் 'பராமரிப்பு தேவையற்றது'. அண்மைக் காலத்தில் நம்மிடையே புழங்கும் சொற்றொடர்களில் இத்தனை நட்டம் விளைவித்தது வேறொன்று இல்லை என்பது நமது கருத்து. கவிதையையும் சிறுகதையையும் அலசும் வாசகர்களிடம் போய் ஆசிட்டும் ஈயத்தகடும் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கலாம். ஒரு சொல் தன் பொருளின் எல்லையைத் தாண்டிச் சென்று மனிதர்களின் பழக்கத்தையே மாற்றிவிடும்போது, அதை நின்று விசாரிப்பது மொழி படித்தவர்களுக்கும் உரிய வேலைதான்.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் இருக்க முடியவில்லை. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது; 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் ஆலையும், 2012-இல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டும் தொடங்கின. இராமானுசர் பிறந்த ஊர், வல்லக்கோட்டை முருகன் இருக்கும் பகுதி, ஏரிப்பாசன நிலம் என்று அறியப்பட்ட மண் இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் வண்டிகளை உலகத்துக்கு அனுப்புகிறது. அவ்வாறு அனுப்பும் ஊரில் குடியிருப்போர் தம் காரின் பானட்டைக் கடைசியாக எப்போது திறந்தனர் என்று கேட்டுப் பாருங்கள். சர்வீஸுக்கு விட்டபோது என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். அப்போதும் திறந்தது வேறொருவர் கை.

இந்த வட்டாரத்துக்கென்று ஒரு தனி வாழ்க்கை முறை உண்டு. ஆலைப் பணியாளர்கள் கம்பெனிப் பேருந்தில் போய்க் கம்பெனிப் பேருந்தில் திரும்புகிறார்கள். சொந்தக் கார் வாரம் முழுவதும் அடுக்குமாடிக் குடியிருப்பின் திறந்த வெளியில் வெயில் காய்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ காய்கறி வாங்கவோ இரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு மறுபடியும் நிற்கிறது. பேட்டரி ஒன்றைச் சீக்கிரம் கொல்ல வேண்டுமென்று யாராவது திட்டமிட்டால் இதைவிடச் சிறந்த வழி கிடைக்காது. இரண்டே ஆண்டில் ஒரு காலைப்பொழுதில் 'செல்ஃப் எடுக்கவில்லை' என்பார்கள். அந்தக் கம்பெனி பேட்டரியே மோசம் என்று தீர்ப்பும் சொல்வார்கள்.

'செல்ஃப்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. செல்ஃப் ஸ்டார்ட்டர் என்பதில் ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு, 'தான்' என்னும் பொருளுடைய பாதியை மட்டும் தமிழர்கள் வைத்துக்கொண்டார்கள். அது பொருத்தமாகவே அமைந்தது. அதற்கு முன்பு வண்டியின் மூக்கில் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். 'ஹேண்டில் அடிப்பது' லாரி கிளீனர்களின் தலையாய பணியாக இருந்தது. சில நேரங்களில் கம்பி திருப்பி அடித்துக் கை முறிந்ததும் உண்டு. அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்தது. அன்றுமுதல் கம்பியைச் சுற்றும் வேலை பேட்டரியின் தலையில் ஏறியது.

பேட்டரியோ அதைவிட மூத்தது. பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்தோன் பிளாந்தே 1859-இல் இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் மூழ்க வைத்து மின்னேற்றிக் காட்டினார். 1881-இல் கமீல் ஃபோர் தகட்டின்மேல் ஈயச் சேர்மத்தைப் பசையாக அப்பி அதன் கொள்ளளவைப் பெருக்கினார். இன்று நம் காரில் இருப்பதும் அடிப்படையில் அதே சரக்குதான். ஆறு அறைகள், அறைக்குச் சற்றேறக்குறைய 2.1 வோல்ட், ஆக 12.6 வோல்ட். மின்சாரம் வெளியே போகும்போது இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் என்னும் உப்பு படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏறும்போது உப்பு கரைந்து தகடு பழைய நிலைக்கு வருகிறது. பேட்டரியின் ஆயுள் முழுவதும் இந்தப் போக்குவரத்துதான்.

உப்பு படிவதில் கெடுதல் இல்லை. அது அங்கேயே தங்கிவிடுவதுதான் கேடு. புதிதாகப் படிந்த உப்பு நுண்ணிய துகளாக இருக்கும், மின்னேற்றினால் கரையும். வாரக்கணக்கில் விட்டால், ஈரம்பட்ட சாடியில் சமையல் உப்பு கட்டியாவதுபோல் அது பெரும்படிகமாக இறுகிவிடும். பிறகு எத்தனை சார்ஜ் போட்டாலும் கரைவது கடினம். பேட்டரிக் கடைக்காரர் 'சல்பேட் ஆயிடுச்சு சார்' என்று உதட்டைப் பிதுக்குவது இதைத்தான். ஓடிஓடித் தேய்ந்து சாவதைவிட நின்றுநின்று இறுகிச் சாவதே நம் பக்கத்தில் அதிகம்.

நிற்கும் வண்டியில் என்ன செலவாகும் என்று கேட்கலாம். சாவியை எடுத்த பின்னும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கைக் கருவி, கணினியின் நினைவு ஆகியவை சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி. சிறு கார்களில் உள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரி சுமார் இருபத்துநான்கு நாளில் பாதி காலியாகும். அது வண்டியோடு பிறந்த கருவிகளுக்கான கணக்கு. வெளியில் வாங்கி நேரடியாக இணைத்த கேமராவோ ஜிபிஎஸ் கருவியோ 300 மில்லி ஆம்பியர் இழுத்தால், அதே பாதி இரண்டரை நாளில் போய்விடும். 2020 மார்ச் இறுதியில் தொடங்கிய ஊரடங்கின்போது இதை நாடே ஒருசேரக் கற்றுக்கொண்டது. நாற்பது ஐம்பது நாள் கழித்துச் சாவியைத் திருப்பியவர்களில் பலருக்கு 'டிக்' என்ற ஒலி மட்டுமே கிடைத்தது. கற்றதை மறக்கவும் நமக்கு நாள் பிடிக்கவில்லை.

இரண்டாவது எதிரி வெயில். குளிர் நாட்டார் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டுப் பேட்டரிக்குப் பனிதான் பகை என்று எண்ணுவோர் உண்டு. குளிரில் எஞ்சின் கனத்துப்போவதால் நலிந்த பேட்டரியின் குட்டு அங்கே வெளிப்படுகிறது. ஆனால் அதை நலியச் செய்வது வெப்பம்தான். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஈயப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்வேதியியலாரின் பொதுவிதி. சென்னை 2003 மே மாதத்தில் 45 டிகிரியைத் தொட்டது. அது விதிவிலக்கு என்றாலும், நம் சித்திரை வைகாசியில் தார்ச்சாலையில் ஓடிவந்து நின்ற வண்டியின் பானட்டுக்குள் கை வைத்தவர்களுக்கு அதன் சூடு தெரியும். வெப்பம் தகட்டின் கூட்டை அரிக்கிறது, நீரை ஆவியாக்குகிறது, சும்மா இருக்கும்போதே சார்ஜை இறக்குகிறது. நிழலில் நிறுத்துங்கள் என்பது அற்பமான அறிவுரையாகத் தோன்றலாம். இந்த வட்டாரத்தில் புளியமரங்களை வெட்டிச் சாலையை அகலப்படுத்திய பிறகு அது அத்தனை எளிய அறிவுரையும் இல்லை.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். பழைய பேட்டரித் தகடுகளின் கூட்டில் உறுதிக்காக ஆன்டிமனி கலந்தார்கள். அக்கலவை சார்ஜ் ஏறும்போது நீரைப் பிரித்து வாயுவாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். எனவே மாதாமாதம் ஆறு மூடிகளையும் கழற்றி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. 1970-களில் ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம் கலந்த தகடுகள் பரவின. நீரிழப்பு வெகுவாகக் குறைந்தது. 'பராமரிப்பு தேவையற்றது' என்பதன் உண்மைப் பொருள் இவ்வளவே: வழக்கமான சூழலில் நீர் ஊற்ற வேண்டாம். தூசு துடைக்க வேண்டாம், டெர்மினலைப் பார்க்க வேண்டாம், சார்ஜை அளக்க வேண்டாம் என்று அது சொல்லவில்லை. நாம் அப்படிப் படித்துக்கொண்டோம், விற்றவர்களும் திருத்தவில்லை.

இதற்கு மறுதலையான சான்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. அதன் பேட்டரியில் நீர்மட்டம் காட்டும் சிறு மிதவைகள் உண்டு. அவை இறங்கினால் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி ஊற்ற வேண்டும் என்பதை எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாரும் கற்றுக்கொண்டார்கள். அதே வீட்டின் வாசலில் நிற்கும் காரின் பேட்டரியை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒன்று கவனி என்று சொன்னது. மற்றொன்று கவனிக்க வேண்டாம் என்று சொன்னது. சொல்லின் வலிமைக்கு வேறென்ன சான்று வேண்டும்?

டிஸ்டில்ட் வாட்டருக்குப் பள்ளிப் பாடநூல்களில் 'வாலை வடிநீர்' என்றொரு பெயர் இருந்தது. சித்த மருத்துவர்களின் வாலை இயந்திரத்திலிருந்து வந்த அழகான சொல். கடையில் கேட்டால் கிடைக்காது என்பதால் வழக்குச் சொல்லையே பயன்படுத்துகிறோம். மூடி திறக்கக்கூடிய பேட்டரியானால் இந்த நீரைத்தான் ஊற்ற வேண்டும். நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரின் குணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலுள்ள வெள்ளைப் படிவே சொல்லும். ஆர்.ஓ. நீரிலும் உப்பு எஞ்சியிருக்கும். ஏ.சி. குழாயில் சொட்டும் நீரைச் சேமித்து ஊற்றுவோர் உண்டு. அது தூசையும் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வருவது. தகடு மூழ்கும் அளவுக்கு, குறித்த கோடு வரை ஊற்றினால் போதும். வழிய ஊற்றினால் அமிலம் வெளியேறி டெர்மினலை அரிக்கும். ஆசிட் ஊற்றிப் பேட்டரிக்கு 'உயிர் கொடுப்பது' என்றொரு வைத்தியம் உண்டு. செத்துக்கொண்டிருப்பவனுக்குச் சாராயம் கொடுப்பது போன்றது அது. ஆவியாவது நீர்தான், அமிலம் அல்ல. அமிலம் மிகுந்தால் தகடு இன்னும் விரைவில் அரிக்கும்.

டெர்மினலில் பூக்கும் வெண்பச்சைப் பூஞ்சை போன்ற படிவைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது மின்சாரத்தின் வழியை அடைக்கிறது; பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் இழுக்காது. சமையல் சோடாவை நீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, முறுக்கியபின் வாசலின் தடவினால் பல மாதம் தாங்கும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். காரணம் எளிது. வண்டியின் உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்தது. பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பானர் தவறி உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கசியும் இடத்தில் தீப்பொறி விளையாட்டல்ல. பீடி சிகரெட்டும் அப்படியே. வேட்டியோடு இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பது நமது தனிப்பட்ட பரிந்துரை. ஆசிட் பட்டது அப்போது தெரியாது. அடுத்த சலவையில் சல்லடையாகித் திரும்பும்.

பேட்டரியைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையையும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். கண்டெய்னர் லாரிகள் குழி பறித்த சாலைகளில் பட்டை தளர்ந்த பேட்டரி குதிக்கும். தகட்டில் அப்பிய பசை உதிர்ந்து அடியில் சேரும்.

நம் கல்லூரி வளாகத்தில் ஒரு வழக்கம் காண்கிறோம். வண்டி ஓடாத நாட்களில் காலையில் பத்து நிமிடம் எஞ்சினை உறும விட்டுப் பின் அணைப்பது. பேட்டரிக்கு நல்லது என்பார்கள். செல்ஃப் ஒருமுறை நூற்றைம்பது ஆம்பியருக்கு மேல் இழுத்ததை, மெதுவாகச் சுழலும் ஆல்டர்னேட்டர், அதுவும் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கையில், பத்து நிமிடத்தில் ஈடுகட்டினாலே பெரிது. இறங்கிக் கிடக்கும் பேட்டரியை அது நிரப்பாது; பெட்ரோல் போனதும் புகை வந்ததுமே மிச்சம். வாரத்தில் ஒருநாள் முப்பது நாற்பது நிமிடம் தொடர்ந்து ஓட்டுவது மேல். நெடுநாள் ஊரில் இல்லையென்றால் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைப்பதோ, சிறு சார்ஜர் ஒன்றை மாட்டி வைப்பதோ அதனினும் மேல். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிடலாம். மரப்பெட்டியும் ரப்பர்ப் பெட்டியும் இருந்த காலத்தின் எச்சம் அது.

சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் அளந்தால் 12.6 என்பது நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12-க்குக் கீழே ஏறத்தாழக் காலி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அது ஏறாவிட்டால் குற்றவாளி ஆல்டர்னேட்டரோ பெல்ட்டோ ஆகலாம். புதிய பேட்டரி வாங்கி மாட்டினாலும் அதுவும் சாகும். மூடிய பேட்டரிகளில் பச்சைக் கண்ணொன்று இருக்கிறதே என்பார்கள். அந்தக் கண் ஆறு அறைகளில் ஒன்றை மட்டுமே பார்க்கிறது. மற்ற ஐந்தைப் பற்றி அது பேசாது.

இத்தனை பாடு எதற்கு, சில ஆயிரம் ரூபாய்தானே, மூன்றாண்டுக்கொருமுறை மாற்றிவிட்டுப் போகலாமே என்று சொல்வோரிடம்தான் நமக்கு உண்மையான வழக்கு. மாற்றிய பேட்டரி எங்கே போகிறது? சிறு காரின் பேட்டரி சுமார் பத்துக் கிலோ. அதில் பாதிக்கு மேல் ஈயம். நம் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச் சொம்பின் ஈயமல்ல இது. அது வெள்ளீயம், இது காரீயம், நஞ்சு. ஈயத்தை உருக்கி மீண்டும் பேட்டரியாக்க முடியும். முறையான ஆலைகள் அதைச் செய்கின்றன. முறையற்ற உலைகளும் செய்கின்றன. கோடரியால் பிளந்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் உருக்குகிறார்கள். செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரை அடுத்த தியாரோய் சுர் மெர் என்ற இடத்தில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் பதினெட்டுக் குழந்தைகள் இறந்தன. பழைய பேட்டரிகளை உடைத்த மண்ணைச் சலித்து ஈயம் பொறுக்கிய குடும்பங்களின் குழந்தைகள் அவர்கள். உலகில் சுமார் எண்பது கோடிக் குழந்தைகளின் குருதியில் கவலைக்குரிய அளவில் ஈயம் இருப்பதாக யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது; முறையற்ற பேட்டரி மறுசுழற்சியை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகவும் சுட்டியது. ஈயம் குழந்தையின் மூளையைத் தாக்குகிறது. பாதிப்பு நேராத அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இந்தியாவில் 2001-இல் பேட்டரி விதிகள் வந்தன. விற்பவர் பழையதைத் திரும்பப் பெற வேண்டும் என்றன. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைத்தன. விதிகள் நல்லவைதாம். ஆனால் பழைய பேட்டரியைத் தெருவில் வரும் காயலான் கடைக்காரரிடம் கூடுதலாக நூறு ரூபாய்க்குக் கொடுக்கும் பழக்கத்தை எந்த விதி தடுக்கும்? இரண்டாண்டில் சாகும் பேட்டரியை நான்காண்டு வாழவைத்தால், உலைக்குப் போகும் ஈயம் பாதியாகும். பேட்டரியைப் பேணுவதைச் சிக்கனம் என்ற கணக்கில் மட்டும் நாம் சேர்க்காதது இதனால்தான்.

இன்னொரு குறையும் உண்டு. நம் கைக்கு வந்த ஒரு காரின் கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது, தமிழில் இல்லை. நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். அந்தக் காரில் திருகு முடுக்கிய கைகள் தமிழ்க் கைகளாக இருந்திருக்கும். அதை எப்படிப் பேணுவது என்று சொல்லும் தாளுக்கு மட்டும் தமிழ் தேவைப்படவில்லை போலும். எந்தப் பேட்டரிக் கடையிலும் போய் அரைமணி நேரம் நின்று பாருங்கள்; இதற்குரிய தமிழ் அங்கே முழுமையாக இருக்கிறது. தட்டு, அறை, இறங்கிப்போச்சு, தாங்காது, இழுக்குது, பூத்துப்போச்சு. கலைச்சொல் அகராதிக்காரர்கள் 'மின்கல அடுக்கு' என்று எழுதிவிட்டு நிறைவு கொள்கிறார்கள். கையேடு எழுதுவோர் கடைக்காரரிடம் கேட்டு எழுதலாம்.

மின்சாரக் கார் வந்தால் இத்தொல்லை ஒழிந்தது என்று நண்பர்கள் சிலர் மகிழ்கின்றனர். 2025 ஜனவரியில் அறிமுகமான ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் இந்த வட்டாரத்து ஆலையிலேயே உருவாகிறது. அத்தகைய கார்களின் வயிற்றில் பெரிய லித்தியம் பேட்டரி இருந்தாலும், விளக்கு, பூட்டு, கணினி ஆகியவற்றுக்கென 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் தனியே உண்டு. பெரிய பேட்டரியின் மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சுக்கும் உத்தரவு இதிலிருந்துதான் போக வேண்டும். சிறியது இறங்கிப்போனால் பெரியது நிறைந்திருந்தும் வண்டி நகராது. புதிய பேட்டரி வாங்கப் போகிறவர்கள் கடையில் விலையைக் கேட்கும் முன் அதன்மேல் பொறித்த தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். அலமாரியில் ஆறு மாதம் தூங்கியது அங்கேயே இறுகத் தொடங்கியிருக்கும்.